சீனி போடாத எலுமிச்சைச் சாறு

தம்பி, முதலில் என் மானம் போகிற சமாச்சாரத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். முந்தாநாள் நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் உன் பெரிய பையைத் திறந்து துழாவியது நான்தான். பெங்களூரிலிருந்து நீ ஒரு ஃபாரின் பாட்டில் கொண்டுவந்திருப்பதாக உன் பாண்டிச் சித்தப்பா கிளப்பிவிட்டிருந்தான். குடிப்பதற்காகத் தேடவில்லை, லேபிளைப் படித்துப் பார்க்கத்தான் தேடினேன் என்று எழுதினால் நீயே சிரிப்பாய், ஆகவே எழுதவில்லை. வாசலில் பந்தற்கால் ஊன்றியாகிவிட்டது, இந்த வாரம் மாமனார் ஆகப்போகிறவன், மகனுடைய பனியன் ஜட்டிகளுக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். பின்னால் உன் அம்மாவின் குரல்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"நகவெட்டி."

அவள் அலமாரியிலிருந்து நகவெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, எல்லா விரலையும் நான் வெட்டி முடிக்கும்வரை எதிரே நின்றாள். நான் முந்தின நாள்தான் நகம் வெட்டியிருந்தேன். கட்டைவிரலில் இன்னும் எரிச்சல் இருக்கிறது.

பாட்டில் கிடைக்கவில்லை. ஷேவிங் டப்பாவுக்குள் மடித்துச் சொருகிய ஒரு மாத்திரை அட்டைதான் கிடைத்தது. அதை எனக்குத் தெரியும், தம்பி. வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல அடையாளம் தெரிந்தது. வருடக்கணக்காகக் காலையில் எழுந்ததும் நான் முகத்தில் விழிக்கிற அட்டை அது. கணையத்தைத் தட்டி எழுப்பி, "வேலையைப் பாருடா" என்று விரட்டிச் சர்க்கரையை இறக்குகிற ரகம். இருபத்தொன்பது வயதில் உனக்கும் சுகர். ஆபீஸில் வருஷாவருஷம் எடுக்கிற டெஸ்டில் தெரிந்திருக்கும். நீ யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. நம் பக்கத்துக் கல்யாணச் சந்தையில் ஒரு விசித்திரமான நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டால், "எப்பவாச்சும் ஃப்ரெண்ட்ஸோட, அதெல்லாம் இந்தக் காலத்துல யாரு இல்ல" என்று பெண்வீட்டார் தாங்களே பதில் சொல்லிக்கொள்வார்கள். மாப்பிள்ளைக்குச் சுகர் என்றால் மட்டும், "இந்த வயசுலயா?" என்று டி. கல்லுப்பட்டியில் இருக்கிற பெண்ணின் பெரியம்மா வரைக்கும் செய்தி போய், போகிற வழியில் கண்ணும் கிட்னியும் சேர்ந்து பழுதாகியிருக்கும். ஆகவே நீ குடிப்பது எல்லோருக்கும் தெரியும், உனக்குச் சுகர் இருப்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டும் தலைகீழாக இருந்திருந்தால் நான் இன்று இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உட்கார்ந்து என்று எழுதிவிட்டேன், அதுவும் பொய். இந்தப் பக்கத்துக்குள் பலமுறை எழுந்துவிட்டேன். பந்தல்காரன் கட்டிய சீரியல் பல்பு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது; போய் அவனைக் கத்திவிட்டு வந்தேன். அது அப்படித்தான் எரியவேண்டுமாம், டிசைனாம். ஃபேனைக் கூட்டினேன், பேப்பர் பறக்கிறது, குறைத்தேன், புழுங்குகிறது. நீ பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாய். சாயங்காலம் உன் பெங்களூர்ப் பயல்கள் வந்து இறங்குகிறார்கள். ஒத்தக்கடையில் ரூம் போட்டிருக்கிறாய். மொட்டை மாடியில் நின்று நீ போனில், "மச்சி, எல்லாம் ரெடி, நீங்க வயித்தக் காயப்போட்டு வந்தாப் போதும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்காரவிடாமல் பிடுங்குகிறது. வயிற்றைக் காயப்போட்டு. நான் காயப்போட்ட கதை உனக்கு முழுதாகத் தெரியாது.

நேரில் சொல்லலாம் என்று நேற்றிலிருந்து வாயைத் திறந்து பார்க்கிறேன். திறந்தால், "சமையல்காரருக்குத் தக்காளி எம்புட்டுச் சொன்ன?" என்றுதான் வருகிறது. அப்பனும் மகனும் குடியைப் பற்றி நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது. நான் குடித்துவிட்டு வந்தால் நீ தூங்குவதுபோல் படுத்திருப்பாய், நீ குடித்துவிட்டு வந்தால் நான். இரண்டு பேரும் இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் குறட்டை விட்டுக் காட்டியிருக்கிறோம்.

பேரையூர்ப் பக்கம் நம் குலசாமிக்குக் கிடா வெட்டியபோது நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். ஆனால் அன்று ராத்திரிக்குள் உனக்குச் சேதி வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன், பாண்டிதான். "ஒங்கப்பா கோயில்ல மட்டை." அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீ என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் பேசிவிட்டு, "வச்சிர்றேன்" என்பாய். எனக்குக் கோபமில்லை. சாமி கும்பிடப் போன இடத்தில் சொந்தபந்தம் பார்க்க அப்பன் விழுந்து கிடந்தான் என்றால் எந்த மகனுக்கு முகம் கொடுத்துப் பேச வரும்? ஆனால் அந்த மட்டை என்கிற வார்த்தையைப் பற்றித்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

அதற்கு முந்தின கதையைக் கொஞ்சம் கேள். அந்தக் காலத்தில் நான் ஒரு விஞ்ஞானியாக இருந்தேன். நீ வாங்கிக் கொடுத்த, விரலில் குத்திச் சுகர் பார்க்கிற மெஷினை வைத்து ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்திருந்தேன். ராத்திரி இரண்டு ரவுண்டு பிராந்தி போட்டால், மறுநாள் விடிகாலையில் சுகர் அழகாக இறங்கியிருக்கும். பாகற்காய், வெந்தயம், நடைப்பயிற்சி ஒன்றும் செய்யாததை பிராந்தி செய்தது. காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லாத நாளில்லை. "சரக்கு சூடுய்யா. உள்ள போயி சீனிய எரிச்சுப்புடுது" என்பேன். ஒருவர் குறித்துக்கொண்டுகூடப் போனார். ஒரே ஒரு முரண்பாடுதான். பாண்டியோடு பீரும் கலர் சோடாவும் கலந்து குடித்தால் அன்று ராத்திரியே சுகர் ஏறிக் கிடக்கும். பீரில் மாவுச்சத்து, கலரில் சீனி, அது ஏறத்தான் செய்யும். நானோ, பீர் கெட்டது, பிராந்தி நல்லது என்று ஆராய்ச்சியை முடித்து, உன் அம்மாவிடம் அறிக்கையும் சமர்ப்பித்தேன். "அப்ப ஆஸ்பத்திரியெல்லாம் மூடிட்டு ஒயின்ஷாப்பத் தொறந்து வச்சிறலாம்" என்றாள்.

கிடாவெட்டு அன்று காலையில் மாத்திரையைப் போட்டேன். சாப்பிடவில்லை. கறிச்சோறு காத்திருக்கும்போது இட்லியைத் தின்று வயிற்றை அடைப்பவன் நம் வம்சத்தில் பிறந்தவனே இல்லை. நான் மட்டுமல்ல, வேனில் வந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் வயிற்றைக் காயப்போட்டுத்தான் வந்தார்கள். மதியத்துக்குள் சோறு என்று கணக்கு. ஆனால் கிடா துலுக்கவில்லை.

உன் பெங்களூர்ப் பயல்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: கிடாவின் முதுகில் மஞ்சள்தண்ணியை ஊற்றினால் அது உடம்பை உலுக்கிச் சிலிர்க்கவேண்டும். அதுதான் துலுக்குவது. துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், துலுக்காமல் வெட்டக்கூடாது. நம் கிடா கற்சிலைபோல நின்றது. ஊற்றினார்கள், நின்றது. மறுபடி ஊற்றினார்கள், வேப்பிலையைத் தின்றது. என்ன குறை, யார் மனசில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பெண்கள் பக்கம் பழைய சண்டையெல்லாம் வெளியே வந்தது. அத்தனை வருஷம் அமுங்கிக் கிடந்த ஒரு தோடு விவகாரம் அன்றுதான் எனக்கே தெரிந்தது. வெயிலும் ஏறியது. ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கருவேல மரத்துக்குப் பின்னால் நின்ற காரின் டிக்கிப் பக்கம் ஒதுங்கினோம். சோறு வரும்வரை சும்மா இருப்பானேன் என்றான் பாண்டி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

எம்புட்டுக் குடித்தேன் என்று கேட்பாய். மற்றவர்கள் குடித்ததைவிடக் குறைவு. இது நான் சொல்வதல்ல, அங்கே இருந்த எல்லோருமே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதனால்தான் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சாயங்காலம் சரியும்போது எனக்கு எதன்மேலோ எரிச்சல் வந்தது. காரணமே இல்லாத எரிச்சல். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. நேராகக் கிடாவிடம் போனேனாம். அதன் தாடையைப் பிடித்து, "மச்சான், துலுக்குங்க மச்சான், பிள்ளைக பசியாக் கெடக்குதுல்ல" என்று கெஞ்சினேனாம். பிறகு அதட்டினேனாம். நாக்கு குழறியதாம். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். அப்புறம் என் உடம்பு தலையிலிருந்து கால்வரை வெடவெடவென்று உதறியது.

"ஏய், மாமா துலுக்கிட்டாருடோய்! உத்தரவு கெடச்சிருச்சு, அருவாள எடுங்க!" என்று எவனோ கத்தினான். கூட்டமே சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் சரிந்துவிட்டேன்.

"மட்டை" என்றார் ஒருவர். அவ்வளவுதான், தம்பி. நம் ஊரில் அந்த வார்த்தை ஒரு தீர்ப்பு. தென்னை மட்டை விழுந்து கிடந்தால் யாராவது குனிந்து அதன் நாடியைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என்னையும் நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள். வாயில் பிராந்தி வாடை அடிக்கிறது, வேர்த்திருக்கிறது, குழறுகிறது, கிறங்குகிறது. குடிகாரனுக்கு என்னென்ன இருக்கவேண்டுமோ அத்தனையும் இருந்தது. சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கினாலும் அச்சாக அதே அடையாளங்கள்தான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

உன் மாமா முத்துராசா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஒருவன்தான் அங்கே குடிக்காதவன். பொறுப்பானவன், பிரியமானவன். ஓடிப்போய் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னான். யாரோ ஒரு பெண் தம்ளரில் சீனியை அள்ளிப் போடப் போயிருக்கிறாள். அவன் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டான்.

"யே யே யே! என்னா செய்ற நீயி? மச்சானுக்குச் சுகர் இருக்குல்ல! சீனி போட்ட, ஆளு காலி. உப்பப் போட்டுக் குடு."

"அப்ப நெறையாப் போடவா?"

"போடு, போதை எறங்கட்டும்."

உன் அம்மா அருகில்தான் இருந்தாள். "ஆமா, சீனி ஆகாது அவுகளுக்கு" என்று அவளும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எனக்குத் தெரியாமல் சீனி டப்பாவை இடம் மாற்றி மாற்றி ஒளித்துவைத்தவள் வேறு எப்படிச் சொல்வாள்? என்மேல் ஆசை இல்லாதவர்கள் யாரும் அங்கே இல்லை. என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த ஒரு கைச் சீனியை என்மேல் உள்ள அக்கறையிலேயே தட்டிவிட்டார்கள். உப்புத் தண்ணி உதட்டிலிருந்து வழிந்தது. தலையில் ஒரு குடம் தண்ணி ஊற்றினார்கள். யாரோ காதைத் திருகினார்கள். அதே நேரத்தில் அந்தப் பக்கம் கிடா துலுக்கிவிட்டது. குலவைச் சத்தம் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

மிச்சமிருந்தவன் பாண்டி. அவன் எனக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. தன்னோடு உட்கார ஆள் போய்விட்டதே என்கிற வருத்தத்தில் வந்தவன். "அண்ணே, இதுக்கே சாஞ்சா எப்படிண்ணே, இன்னும் கறியே வேகல" என்று என் தலையை மடியில் தூக்கிவைத்து, கையிலிருந்த கறுப்புக் கலரை என் வாயில் ஊற்றியிருக்கிறான். பாதி சட்டையில், பாதி மூக்கில், கொஞ்சம் தொண்டைக்குள். மடக்கு மடக்காக அவன் ஊற்ற, நான் கண்ணைத் திறந்து, "கிடா என்னாச்சு?" என்றேனாம். அத்தோடு மறுபடியும் கண் சொருகியது. அப்போதுதான் உன் அம்மாவுக்கு உறைத்தது. "குடிச்சவரு தெளிஞ்சா தெளியணும், கெறங்குனா கெறங்கணும். இது என்ன வந்து வந்து போகுது? வண்டிய எடுங்கடா!" என்று போட்ட சத்தத்தில்தான் வேன் கிளம்பியது. அவள் அந்தச் சத்தம் போடவில்லையென்றால் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு மேலே என் பெயருக்கு முன்னால் வேறு ஒரு வார்த்தை அச்சாகியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளை டாக்டர், உன் வயதுதான் இருக்கும். விரலில் குத்திப் பார்த்ததும் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். உடனே எழுந்து உட்கார்ந்து, இது எந்த ஊர் என்று கேட்டேன். முத்துராசா தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாண்டியோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நாந்தான் டாக்டர் கலர் ஊத்துனேன்" என்றான். அந்தப் பிள்ளை, பாராட்டுக்குக் காத்திருந்தவனை ஒரு பார்வை பார்த்தார்.

"நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாதுங்க. நுரையீரலுக்குள்ள போயிருந்தா அதுலயே போயிருப்பாரு. பொழச்சது ஒங்க வைத்தியத்தால இல்ல."

பாண்டியின் காலர் இறங்கியது. ஆனால் இன்றுவரை எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எங்கண்ணன் உசுர மீட்டுக் குடுத்தவன்" என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டுதான் பந்தியில் உட்காருகிறான்.

என் மாபெரும் கண்டுபிடிப்பைப் படுத்தபடியே டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, பாவம். பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்தவரை உனக்குச் சொல்கிறேன். நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருப்பது ஈரல். ரேஷன் கடையில் சீனி போடுகிறவரைப்போல என்று வைத்துக்கொள். உள்ளே இருப்பு வைத்திருப்பார், கேட்கக் கேட்க அளந்து போடுவார், தீர்ந்தால் புதிதாகவும் ஏற்பாடு செய்வார். சரக்கு உள்ளே போனதும் உடம்பு அதை விஷமாகத்தான் பார்க்கும். அதை வெளியேற்றுகிற வேலையும் அந்த ஒரே ஆள் தலையில். உடனே தராசைப் போட்டுவிட்டு அதைப் பார்க்கப் போய்விடுவார். க்யூ நிற்கும், சீனி வராது. இந்தப் பக்கம் நம் மாத்திரையோ கணையத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும், இருக்கிற சர்க்கரையையும் இறக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். வயிறும் காலி என்றால் கேட்கவே வேண்டாம். விடிகாலையில் என் மெஷினில் நான் பார்த்து மகிழ்ந்த அழகான நம்பர் இருக்கிறதே, அது குணமாவதன் அடையாளம் இல்லை. கடை பூட்டிக் கிடந்ததன் அடையாளம்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் உனக்கு முக்கியம். போதை இறங்கிவிட்டால் ஆபத்தும் இறங்கிவிட்டது என்று நினைக்கக்கூடாதாம். இன்று குடித்தது நாளைக்கும் வேலை செய்யும். தூக்கத்திலேயே இறங்கலாம், மறுநாள் பகலிலும் இறங்கலாம். ரூமில் எல்லோரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கும்போது, ஒருவன் தூங்குகிறானா கிறங்கிக் கிடக்கிறானா என்று யார் பார்ப்பார்கள்? உன் பயல்கள் உன்னை மட்டை என்பார்கள். போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவார்கள். இந்த இடத்தை எழுதும்போது மறுபடி எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வந்தேன். நீ வருகிறாயா என்று பார்த்தேன். வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், "என்ன சம்பந்தி வீட்டுக்காரங்க வாராங்களா?" என்றார். "ஏன், வந்தா நீங்க ஆரத்தி எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. நல்ல மனுஷர். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

குடிக்காதே என்று எழுதிவிட்டால் கடிதம் ஒரு வரியில் முடிந்துவிடும். அதைத்தான் எழுதவும் ஆசை. அந்த டாக்டர் பிள்ளையும் அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் மொட்டை மாடியில் உன் குரலைக் கேட்ட பிறகு அந்த ஒரு வரியை மட்டும் நம்பிப் படுக்க என்னால் முடியாது. ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறேன். இந்த மாத்திரையோடு குடிக்கலாமா என்று உன் டாக்டரிடம் இன்றே போன் போட்டுக் கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் உன் அப்பாவுக்கு என்று சொல்லிக் கேள், என் மானத்தில் இனி சேதாரம் ஆக இடமில்லை. சாயங்காலம் வயிற்றைக் காயப்போடாதே. முதலில் சாப்பிடு; புரோட்டாவோ சோறோ உருப்படியாக உள்ளே போகட்டும். நாலு கடலையும் ஒரு ஆம்லெட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. படுக்குமுன் விரலில் குத்திப் பார். என் மெஷினை உன் பையில் வைத்துவிடுகிறேன். அந்தப் பை எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

இதெல்லாவற்றையும்விட, ஒரே ஒருத்தனிடம் சொல். அன்றைக்குக் குடிக்காமல் இருக்கப்போகிறவனாகப் பார்த்து, "எனக்குச் சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். நான் ஒளறுனா, வேர்த்து நடுங்குனா, மட்டைன்னு விட்டுராத. முழிப்பா இருந்து முழுங்க முடிஞ்சா சீனி குடு, நல்ல சீனி, உப்பு இல்ல. எந்திரிக்கலைன்னா வாயில எதையும் ஊத்தாம ஒருக்களிச்சுப் போட்டு 108-க்கு அடி" என்று சொல்லிவிடு. இதைச் சொல்ல உனக்கு ஒரு நிமிடம் ஆகாது. இதைச் சொல்லாததால்தான் எனக்கு அந்த உப்புத் தண்ணி கிடைத்தது.

நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடு, தம்பி. தாலி கட்டுவதற்கு முன்னால் சொல். கல்யாணம் நின்றுபோகும் என்று பயப்படுகிறாய். எனக்கும் பயம்தான், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் நான். ஆனால் நாளைக்கு ஒரு நாள் உனக்குக் கிறங்கினால் பக்கத்தில் இருக்கப்போகிறவள் அவள். தெரியாமல் உப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கவேண்டிய கதி உன் அம்மாவுக்கு வந்ததே போதும். அன்றிலிருந்து உன் அம்மா மாறிவிட்டாள். ஒளித்துவைத்த சீனி டப்பா இப்போது டிவிக்குப் பக்கத்தில் கொலுவில் வைத்ததுபோல இருக்கிறது. "எங்க வீட்டுக்காரரு அன்னைக்கோட விட்டுட்டாரு, தொடுறதே இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பெருமையைக் கெடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து மடிக்கப் போன நேரத்தில் அவளே வந்து நின்றாள்.

"காலைலருந்து கூட்டுக்குள்ள கோழி மாதிரி அலையுறீங்க. பந்தல்காரன் கோவிச்சுட்டுப் போயிட்டான். எதுத்த வீட்டண்ணன் என்னான்னு கேக்குறாரு. ஒங்களுக்கு என்னா செய்யுது?"

"மகனுக்கு எழுதுறேன். அப்பன் மனசு, ஒனக்குப் புரியாது."

அவள் என் சட்டை முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பேப்பரை வாங்கி, "இங்கருந்து கையெழுத்தே கோணிக்கிட்டுப் போகுது" என்றாள். என் கையைப் பிடித்து, உனக்கு வைப்பதற்காக எடுத்து வைத்திருந்த மெஷினில் ஒரு குத்து. அறுபதுக்கும் கீழே. டிவிக்குப் பக்கத்திலிருந்து டப்பா வந்தது, ஒரு கை சீனி என் வாய்க்குள் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி குத்திப் பார்த்தாள், ஏறியிருந்தது. நெஞ்சுப் படபடப்பும் போய்விட்டது. விட்டுவிட்டு எரிகிற அந்தப் பல்புகூட இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. மேலே எழுதியிருப்பதில் எது அப்பன் மனசு, எது இறங்கிய சுகர் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நீ பார்த்து எடுத்துக்கொள்.

"காலைல நாலு இட்லி தின்னீங்க, மாத்திரையும் அதேதான். பெறகு எப்படி இம்புட்டு எறங்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் அடுப்படிக்குப் போகிறாள். கல்யாண அலைச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி உன் மாமனார் மண்டபம் பார்க்கலாம் என்று என்னைக் கூட்டிப்போனார் அல்லவா, நாங்கள் மண்டபத்துக்குப் போகவில்லை.